டின்னுக்கு மூன்று டின் தண்ணீர்

1. திங்கட்கிழமை போன்

சுங்கை காடுட்டில் எங்கள் ஜூஸ் தொழிற்சாலையின் லேப் போன் காலை எட்டு மணிக்கே அடித்தது. போர்ட்டிக்சன் ஹோட்டல் ஒன்றின் சமையலறைப் பொறுப்பாளர் நசீர் பேசினார். எங்கள் உறைந்த ஆரஞ்சு கான்சன்ட்ரேட்டை அதிகம் வாங்குபவர் அவர்தான்.

"என்னாக்கா அடைச்சு அனுப்புறீங்க? ஒரு ஜக்கு சீனிப்பாகு மாதிரி இருக்கு, அடுத்த ஜக்கு வெறும் தண்ணி. லேபல்ல மட்டும் நூறு சதவீதம் ஜூஸ், சீனி சேர்க்கலன்னு போட்டிருக்கு. நாளைக்குச் சுகாதார இலாகாவுக்கு எழுதப் போறேன்லா."

பழச்சாற்றில் இருக்கும் தண்ணீரை எடுத்துவிட்டு, கெட்டியாக்கி உறைய வைத்தால் அதுதான் கான்சன்ட்ரேட். லேபலில் சொன்னபடி டின்னுக்கு மூன்று டின் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது மறுபடி முழு ஜூஸாக வர வேண்டும். அப்படி வந்தால்தான் 'ஜூஸ்' என்ற பெயரைப் போடலாம். சீனி சேர்த்தால் அதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் அடைத்த டின்களுக்கு, பிரிக்ஸ் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். பிரிக்ஸ் என்பது ஜூஸின் இனிப்பையும் கெட்டியையும் காட்டும் அளவு.

2. பாஸ் கண்டுபிடித்த வழி

மேனேஜர் சந்திரன் நல்ல மனிதர்தான். பிரச்சினை என்றால் மட்டும் பின்வாசலைத் தேடுவார்.

"குணா, எதுக்கு வம்பு? லேபல்ல ஜூஸ எடுத்துட்டு 'மினுமான்'னு போட்டுரு. வெறும் பானம்னு சொல்லிட்டா யாரு கேக்கப் போறா?"

"அப்ப இத்தன வருஷம் நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு ஆயிரும் சார். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"சாயங்காலம் வரைக்கும்தான். அப்புறம் புது லேபல் அடிக்கச் சொல்லிருவேன்."

மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தேன். அந்த லாட்டின் ஷீட்டையும் ரிஃப்ராக்டோமீட்டரையும் பைக்குள் வைத்தேன். ஒரு சொட்டு ஜூஸை விட்டால் பிரிக்ஸ் காட்டும் கருவி அது. லிங்கி வழியாக போர்ட்டிக்சனுக்கு வண்டியை விட்டேன்.

3. இரண்டு ஜக்குகள்

நசீர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் சண்டை போடவில்லை. "எப்பவும் போல ஒரு டின்ன கலக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன்.

சமையல்காரர் ஃப்ரீசருக்கு வெளியே ஒரு மணி நேரமாக வைத்திருந்த டின்னைத் திறந்தார். உருகியிருந்த பாதியை முதல் ஜக்கில் ஊற்றினார். உறைந்து கிடந்த மீதியைச் சுரண்டி இரண்டாவது ஜக்கில் போட்டார். இரண்டிலும் தண்ணீரைச் சரியாகவே அளந்து ஊற்றினார். அங்கேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டேன்.

முதல் ஜக்கு பதினான்கு காட்டியது. இரண்டாவதில் கட்டிகள் கரையும்வரை கிண்டிவிட்டுப் பார்த்தேன். ஒன்பதுதான்.

"பாத்தீங்களா? ஒரே டின்னு, ரெண்டு ருசி. இதத்தான் நான் சொன்னேன்" என்றார் நசீர்.

ஒரு வாளி கேட்டு வாங்கி, இரண்டு ஜக்கையும் அதில் கொட்டிக் கலக்கினேன். ஒரு சொட்டு விட்டு, கருவியை நசீர் கையிலேயே கொடுத்தேன்.

"நீங்களே படிங்க."

"பதினொன்றரை."

லாட் ஷீட்டை நீட்டினேன். என் கையெழுத்துக்கு மேலே, தண்ணீர் கலந்த பிறகு பதினொன்றரை என்றுதான் இருந்தது.

"ஐஸ் குச்சிய உறிஞ்சினா இனிப்பும் கலரும் மொதல்ல வந்துரும், வெள்ள ஐஸ்தான் மிஞ்சும். டின்னுக்குள்ளயும் அதே கததான். கெட்டியான பாகு மொதல்ல உருகும், தண்ணி ஐஸாவே நிக்கும். நீங்க பாகை ஒரு ஜக்குலயும் ஐஸை இன்னொரு ஜக்குலயும் ஊத்துறீங்க."

நசீர் வாளியிலிருந்து ஒரு கிளாஸ் மொண்டு குடித்தார். இன்னொரு கிளாஸும் குடித்தார்.

"ஜூஸ்தான்கா" என்றார். பிறகு டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா முழுசா உருக வச்சுக் கலக்கணும்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

லேபலில் பெயர், சேர்மானம், எடை, முகவரி, காலாவதித் தேதி எல்லாம் சட்டப்படி இடம்பெற வேண்டும். இடம் பற்றாமல் போனபோது அந்த ஒரு வரியை நான்தான் வெட்டினேன். எங்கள் ஆட்கள் முதல் நாளே டின்னைச் சில்லர் குளிர்பெட்டியில் வைத்து உருகவிட்டுத்தான் கேன்டீனில் கலக்குவார்கள். இது யாருக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டேன்.

"தப்பு என் பேர்லதாண்ணே" என்றேன்.

4. திரும்பி வந்த வரி

தொழிற்சாலைக்கு வந்து சந்திரனிடம் இரண்டையும் சொன்னேன். டின்னுக்குள் குறையில்லை, லேபலில் குறை இருக்கிறது என்றேன்.

"அந்தத் தப்ப நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"நசீருக்குத் தெரியுமே சார்."

லேபலில் இருந்த கம்பெனிப் படத்தைச் சின்னதாக்கி, அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட வைத்தேன். அச்சுக்குப் போகும் முன், ஜூஸே கலக்கிப் பார்க்காத எங்கள் லாரி டிரைவரிடம் புது லேபலின் மாதிரியை ஒட்டிய டின்னைக் கொடுத்தேன். வாய் திறக்காமல் தள்ளி நின்றேன். மனிதர் படித்தார், டின்னைச் சில்லரில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து கலக்கினார். அளந்தேன்: பதினொன்றரை. லேபில் எல்லாரும் கை தட்டினார்கள், நான்தான் உரக்கத் தட்டினேன்.

நசீர் இலாகாவுக்கு எழுதவில்லை. ஆர்டரைத்தான் கூட்டினார். போன வருஷம் நான் ஓய்வு பெற்றபோதும் 'ஜூஸ்' என்ற சொல் அதே இடத்தில் இருந்தது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். லேபில் சரியாக வந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள். அந்த டின்னை ஒன்றும் தெரியாதவர் கையில் கொடுத்து, அங்கும் சரியாக வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு போடுங்கள் கையெழுத்து.