தொட்டால்தான் அசைவார்கள்

இந்த ஊரில் கடை வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவே இன்னும் இரண்டு பேர் நிற்கலாம். முழங்கை உரசினாலே 'சாரி' என்பார்கள். இப்படிப்பட்ட அமெரிக்காவில் என் கணவர் ராணுவத்தில் சேர்ந்தபோது, சாப்பாட்டைவிட இதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் நண்பனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே மாடு பார்த்து நடந்தவர் அவர்.

பயந்தபடியே ஆயிற்று. "அம்மணி, ஓடி முடிச்சுப்போட்டு பக்கத்துப் பையன் கையப் புடிச்சேன். சுட்டாப்புல உதறிட்டான்," என்றார் போனில். "இனி யாரையும் தொடாதீங்க," என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று அன்றெல்லாம் யோசித்தேன். அடுத்த வாரம் சிரித்தார். இவர் குறி தவறாமல் சுட்டதும், அதே பையன் இவர் புட்டத்தில் ஓங்கித் தட்டிப் பாராட்டினானாம். "நம்மூர்ல அங்க தட்டுனா சண்டையே வந்துரும்!" எந்தத் தொடுகை எதற்கு என்று இவர்களுக்கு யார் வகுத்துக் கொடுத்தார்களோ!

பயிற்சி நிறைவு விழாவில் அணிவகுப்பு முடிந்தும் வீரர்கள் விறைத்தே நின்றார்கள். ஏதோ அறிவித்தார்கள், ஒன்றரை வயது மகளின் அழுகையில் எனக்குக் கேட்கவில்லை. அவர் முன்னால் போய், "ஏனுங்க, போலாம் வாங்க," என்றேன். கண்கூட அசையவில்லை. கோபமோ?

"டச் ஹிம், ஹனி!" என்றாள் பக்கத்தில் ஒருத்தி.

"ஐ கால்ட் ஹிம்," என்றேன்.

சுற்றிலும் கட்டிப்பிடித்து முத்தமிட்டு ஒவ்வொருவராக அழைத்துப் போவதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வீட்டார் தொடும்வரை இவர்கள் அசையக் கூடாது. மகளைத் தூக்கித் தொடச் சொன்னேன். மொட்டைத் தலை அப்பாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இறங்கி என் காலைக் கட்டிக்கொண்டாள். அவர் காதோரம் வியர்வை வழிந்தது.

என் வலது கையிலிருந்த போனில், வீடியோ காலில், பொள்ளாச்சியிலிருந்து மாமியார். அவர் முன்னால் கணவரின் விரலைக்கூட நான் தொட்டதில்லை.

"ஏங்கண்ணு, எல்லாரும் போறாங்க, இவன் மட்டும் ஏன் நிக்கறான்?"

"நான் தொட்டாத்தான் வருவாருங்க அத்தை."

"அப்பறமென்ன, தொடு சாமி. நானு போனத் திருப்பிக்கறேன்."

திரையில் அத்தை முகம் போய், விளக்கொளியில் களத்துக் கொப்பரை வந்தது. எனக்கு மீதமிருந்தது இடது கை. அதனால் தொடலாமா என்றும் தயங்கினேன். பிறகு அவர் தோளில் வைத்தேன்.

எல்லோர் முன்னிலும் கட்டிக்கொண்டார். நான் ஒரு கையால் அவரை அணைத்தபடி, மறு கையிலிருந்த பொள்ளாச்சியை எட்டியமட்டும் தள்ளிப் பிடித்திருந்தேன்.