தாய்மாமனின் அலுமாரியில் மகளின் கடவுச்சீட்டு

ஐயா, அம்மா,

இதனை வாசிக்க மனமுவந்த தங்களுக்கு என் வணக்கம் உரித்தாகுக. பள்ளிக்கூடத்தில் நான் கற்றது சொற்பம். எஞ்சியதைப் பழைய சஞ்சிகைகளையும் நூல்நிலையங்களையும் கொண்டு நானே கற்றுக்கொண்டேன். ஆதலால் நடையில் குறை தென்படுமாயின் பொறுத்தருள வேண்டும். பொருளில் குறை வைக்காமல் எழுத முயல்கிறேன்.

எழுபதுகளில் இந்த அவுஸ்திரேலிய நாட்டு இளையோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. படிப்போ பயிற்சியோ முடிந்ததும் சிறிது காலம் உழைப்பார்கள். பின்னர் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு விடுவார்கள். இலண்டனில் மதுச்சாலையிலோ மருத்துவமனையிலோ தட்டச்சு மேசையிலோ வேலை செய்வார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய வான் வண்டி வாங்குவார்கள். அதிலேயே சமைத்து, அதிலேயே உறங்கி, பிரான்சில் திராட்சை பறித்து, ஒஸ்திரியாவில் விடுதிப் பாத்திரம் கழுவி, ஊர் ஊராகத் திரிவார்கள். பெற்றோரோ விமான நிலையத்தில் முத்தமிட்டு, "போஸ்ட்காட் போடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இதனை நான் என் வேலைத்தலத் தோழர் பலரது வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அக்காலத்தில் மெல்பேணில் தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. எங்களை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தது என் மனைவியின் மருத்துவத் தாதிப் படிப்பே. அவள் முதலில் தனியே வந்து, வேலையில் அமர்ந்து, அதன் பின்னரே என்னையும் மகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து அழைத்தாள். எனக்கு மெல்பேணின் புறநகரான டண்டினொங்கில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்தது. மகள் இங்கேயே பள்ளி சென்று, தாயைப் பின்பற்றித் தாதியானாள். பயிற்சி விடுதியில் அவளுக்கு வாய்த்த உயிர்த்தோழி ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. அத்தோழி ஐரோப்பாவுக்குப் போவதாகச் சொன்ன நாளிலேயே எங்கள் மகளும் போவதாகச் சொல்லி விட்டாள்.

நாங்கள் அதற்கு இணங்கிய காரணம் ஒன்றே. இலண்டனில் என் மனைவியின் அண்ணன் குடும்பத்துடன் வசித்து வந்தார். அங்கே ஒரு கணக்காளர். பிள்ளையை ஊர் தெரியாத இடத்துக்கு அனுப்பவில்லை, தாய்மாமன் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அவள் விமானம் ஏறுமுன் நான் அவருக்குத் தொலைபேசி எடுத்து, "அத்தான், பிள்ளை இனி உங்கடை பொறுப்பு" என்று கூறினேன். நம்மவர் ஒரு பெண்பிள்ளையை ஓரிடத்துக்கு அனுப்பும்போது சொல்லும் சொல் அது. நானும் அவ்வாறே சொன்னேன். அவரும் அவ்வாறே ஏற்றுக்கொண்டார்.

மகள் மாமன் வீட்டில் இறங்கிய அன்றே அவர் அவளிடம் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கி, தம் அறை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இலண்டனில் களவு அதிகம் என்பது அவர் கூறிய காரணம். பெரியவர் கேட்டால் கொடுப்பதே நம் பிள்ளைகளின் பழக்கம், அவளும் கொடுத்தாள். சில வாரங்களின் பின் அவள் தோழியுடனும் வேறு அவுஸ்திரேலிய இளையோருடனும் ஒரு வாடகை வீட்டுக்குப் போனாள். மாமனுக்கு அது பிடிக்கவில்லை. ஆயினும் மறிக்கவில்லை. கடவுச்சீட்டு அலுமாரியிலேயே இருந்தது. அவளும் அதை மறந்திருந்தாள்.

பயிற்சி பெற்ற தாதியாகையால் மருத்துவமனை வேலைக்குக் குறைவிருக்கவில்லை. கோடை முடியும் தறுவாயில் எல்லாருமாக ஒரு வான் வாங்கினர். பிரான்சில் திராட்சை அறுவடை தொடங்கப் போகிறது. வேலைக்கு ஆள் எடுக்கும் தோட்டமும் பேசியாயிற்று. சனிக்கிழமை காலையில் டோவர் துறைமுகத்தில் கப்பல் ஏற வேண்டும். அந்த வாரத்திலேதான் மகளிடமிருந்து எங்களுக்குத் தொலைபேசி வந்தது, கட்டணத்தை எங்கள் பக்கம் ஏற்கும் அழைப்பாக.

"அப்பா, மாமா பாஸ்போட்டைத் தரமாட்டாராம்."

"ஏன் பிள்ளை?"

"கேட்டனான். அலுமாரித் திறப்புத் தன்னட்டை இருக்கு, போற அலுவல் இல்லையெண்டு சொல்லிப்போட்டார். மாமி ஒண்டும் பேசேல்லை."

"ஏதேனும் வாய் காட்டினியோ?"

"இல்லை அப்பா. ப்ளீஸ், நீங்கள் கதையுங்கோ. இங்க எல்லாரும் என்னை அவுஸ்திரேலிய ஹை கமிஷனுக்குப் போய்ச் சொல்லச் சொல்லுகினம். நான் போனால் அவையள் மாமாவுக்குப் போன் பண்ணுவினம். பொலிசும் வரலாம். எனக்கு அது வேண்டாம். ஆனா சனிக்கிழமைக்கு முன்னம் எனக்கு அது வேணும்."

அவள் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் நான் ஆறுதல் சொல்லித் தப்பியிருப்பேன்.

மறுநாள் மாலையில் தோழியின் தாயார் எங்கள் வீட்டுக்கு வந்தார். டண்டினொங் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்தவர்; மனத்தில் உள்ளதை மறைக்கத் தெரியாதவர். குசினிக் கதிரையில் அமர்ந்து, ஆங்கிலத்தில், சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"அது அவளுடைய பாஸ்போட். வேறு ஒருத்தரின் அலுமாரிக்குள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது?"

"பத்திரமாக இருக்கிறது" என்றேன்.

"பத்திரமாகத்தான் இருக்கிறது. அவளையும் கூடவே வைத்துப் பூட்டிவிட்டால் இன்னும் பத்திரம்." தேநீரை ஒரு வாய் குடித்தார். "என் மகள் சொல்கிறாள், அவளை விட்டுவிட்டு வான் கிளம்பாதாம். ஆனால் கப்பல் கிளம்பும். தோட்டக்காரனும் காத்திருக்க மாட்டான். ஒரு போன் எடுத்தால் முடிகிற காரியத்துக்கு ஏன் இருவரும் செத்த வீடு மாதிரி இருக்கிறீர்கள்?"

என் மனைவி சிரித்தாள். ஆனால் அவர் போனதும் அவள் முகம் மாறிற்று.

"ஒரு போன்தானாம். அவவுக்கென்ன தெரியும். அண்ணைக்கு எதிராய் இண்டுவரைக்கும் நான் ஒரு சொல்லுச் சொன்னதில்லை."

அது உண்மை. அவர்களது தந்தை இளமையிலேயே காலமாகிவிட, தங்கையை வளர்த்து ஆளாக்கியவர் அண்ணனே. தாதியர் பயிற்சிக்கு அவளை அனுப்பியவரும் அவரே. கணவனையும் குழந்தையையும் விட்டு ஒருத்தி தனியே கடல் கடப்பதா என்று உறவினர் எல்லாரும் முகம் சுளித்தபோது, "அவள் போகட்டும்" என்று ஒற்றைச் சொல்லால் அனைவரையும் அடக்கியவரும் அவரே. அந்த மனிதரிடம்தான் இப்போது நாங்கள் வாதாட வேண்டியிருந்தது.

"ஒரு கிழமை பிந்திப் போனால் என்ன, இவள்?" என்றாள் மனைவி.

"கப்பலுக்குச் சொல்லுவமோ?"

"பகிடி விடாதேங்கோ. எனக்கு நெஞ்சு பதறுது."

இலண்டனில் வியாழன் இரவு, எங்களுக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை. வேலைக்குப் புறப்படுமுன் பேசிவிட எண்ணி, தொலைபேசி நிலையத்தில் அழைப்பைப் பதிவு செய்து வைத்திருந்தேன். மனைவி தாதியர் சீருடை அணிந்து, தலை வாரி, பையுடன் நின்றாள். மணி அடித்தது. தொலைபேசிக் கைபிடியை இருவருக்கும் நடுவே பிடித்தேன்.

"அத்தான், சுகமாயிருக்கிறியளோ?"

"நான் சுகம். நீங்கள் ஏன் எடுத்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். தம்பி, ஒண்டு கேக்கிறன். பிள்ளை உங்கடை பொறுப்பு எண்டு நீங்கள் சொன்னனீங்களோ, இல்லையோ?"

"ஓம், சொன்னனான்."

"அப்ப நான் பொறுப்பாயிருக்கிறன். பிறகென்ன?"

"வான் சனிக்கிழமை வெளிக்கிடுதாம், அத்தான்."

"வெளிக்கிடட்டும். வானை நான் மறிக்கேல்லை." பிறகு கேட்டார். "அதுக்குள்ளை ரெண்டு வெள்ளைக்காரப் பொடியங்களும் போறாங்களாம். தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியாது என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல இடத்து ஆக்கள் பிள்ளையைப் பாக்க வருகினம்" என்று அவர் தொடர்ந்தார். "பொடியன் எஞ்சினியர். குடிவகை இல்லை. நான் வரச்சொல்லிப்போட்டன். அவையள் வந்து கதிரையிலை இருக்கேக்கை, பிள்ளை பிரான்சிலை தோட்டத்திலை பழம் புடுங்குறாள் எண்டு சொல்லவோ?"

இது எங்களுக்கு முற்றிலும் புதிய செய்தி. மகளுக்கும் அவர் இதைச் சொல்லவில்லை. மனைவியின் விரல்கள் என் கையைப் பற்றின. அப்பற்றுதலில் அச்சம் மட்டும் இருந்ததாக நான் சொல்ல மாட்டேன், ஆசையும் இருந்தது. நல்ல இடத்து மாப்பிள்ளை, குடிவகை இல்லாதவர், அண்ணனே பார்த்தது. இந்நாட்டில் எங்களுக்கு அவ்வாறு ஒருவர் அகப்படுவார் என்று அவள் அன்றுவரை நம்பியதில்லை.

"அத்தான், அவளிட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டால் என்ன சொல்லுவாள்? இல்லையெண்டுதான் சொல்லுவாள்."

"நீங்கள் குடுக்காட்டில் அவள் ஹை கமிஷனுக்குப் போவாள்."

"போகட்டும். தாய்மாமனுக்குப் பொலிசை அனுப்பினவள் எண்டு பேர் எடுக்கட்டும்." அவர் குரல் உயரவில்லை. "தம்பி, உங்களிலை கோவம் இல்லை. ஆனா நீங்கள் சொல்லி நான் தரமாட்டன். அவளைத் தாரைவார்த்த மாதிரி என்னட்டைத் தந்தனீங்கள். திருப்பி எடுக்கிறதெண்டால் என்ரை தங்கச்சி தன்ரை வாயாலை சொல்லட்டும். அவள் இனி உங்கடை பொறுப்பில்லையெண்டு சொல்லட்டும். நான் இப்பவே எடுத்துக் குடுக்கிறன்."

மனைவி கைபிடியை என் கையிலிருந்து வாங்கினாள். நான் அவள் அருகே காதை வைத்துக்கொண்டேன்.

"அண்ணை."

"சொல்லு பிள்ளை."

"என்னை முந்திப் போகவிட்டது நீங்கள்தானே."

"விட்டனான். அப்ப நீ கலியாணம் முடிச்சனி. கழுத்திலை தாலி இருந்தது. இவளுக்கு என்ன இருக்கு?"

கம்பி வழியே கடல் இரைவது போன்ற ஓசை மட்டும் கேட்டது. நிமிடங்கள் கழிந்துகொண்டிருந்தன. அவள் ஒன்றும் சொல்லாமலே அழைப்பு முடிந்துவிடும் என்று நான் அஞ்சினேன். ஐயா, உள்ளபடி சொல்வதாயின், அவ்வாறு முடிந்தால் நல்லதோ என்றும் ஒரு கணம் எண்ணினேன்.

"அண்ணை, நீங்கள் தேடின இடம் நல்ல இடமாய்த்தான் இருக்கும்" என்றாள் அவள், மெதுவாக. "அந்த ஆக்களிட்டை நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லுங்கோ. அவளைத் திருப்பி எடுக்கிறன் எண்டு நான் சொல்லமாட்டன். அவள் உங்கடை பொறுப்புமில்லை, என்ரை பொறுப்புமில்லை. நோயாளிக்கு ஊசி போடுறவள். ராத்திரியிலை தனிய நிண்டு ஒரு வார்ட்டையே பாக்கிறவள். அவளின்ரை பொறுப்பு அவளுக்கு. பாஸ்போட்டைக் குடுத்துவிடுங்கோ, அண்ணை."

மறுமுனையில் ஒரு கதிரை இழுபடும் ஓசை கேட்டது.

"அப்ப இனிமேல் என்னட்டை ஒண்டுக்கும் வரவேண்டாம்" என்றார் அவர். இணைப்பு அறுந்தது.

கொடுப்பாரா, மாட்டாரா என்பதை அவர் சொல்லவில்லை. மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். நான் பண்டகசாலைக்குப் போனேன். அன்று பெட்டிகளை மாற்றி அடுக்கி, மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்கினேன். மாலையில் செய்தி இல்லை. மகள் வசித்த வீட்டில் தொலைபேசி இல்லாததால் நாங்கள் அழைக்கவும் வழியில்லை. மாமன் வீட்டுக்கு அழைக்க இருவருக்கும் கை வரவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் தோழியின் தாயார் ஒரு கேக்குடன் வந்து, எங்களோடு காத்திருப்பதாகச் சொல்லி அமர்ந்துவிட்டார். நடந்ததை மனைவி தன் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னாள். அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"உன் அண்ணன் உன்னோடு இனிப் பேசவே மாட்டாரா?"

"மாட்டார்."

"ஒரு பாஸ்போட்டுக்காகவா?"

மனைவி கேக்கை வெட்டினாள். எவரும் உண்ணவில்லை.

பொழுது சாயும் வேளையில் மணி அடித்தது. கட்டணத்தை ஏற்பீர்களா என்று ஒரு பெண் கேட்க, நான் ஏற்பேன் என்று இருமுறை கூறினேன்.

"அப்பா, டோவரிலை நிக்கிறம். வான் லைனிலை நிக்குது."

"கையிலை இருக்கோ?"

"இருக்கு. நேற்றுப் பின்னேரம் போனனான். மாமா மேல் அறையை விட்டு இறங்கி வரேல்லை. மாமிதான் வாசலுக்குக் கொண்டந்து தந்தவ. சோத்துப் பார்சலும் கட்டித் தந்தவ." சற்றுத் தயங்கினாள். "மாமாவுக்குப் போட்டு வாறன் எண்டு கீழை நிண்டு சொன்னனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை. அம்மா என்ன சொன்னவ அவருக்கு?"

மனைவி கைபிடியை வாங்கி, "கவனமாய்ப் போ பிள்ளை. அந்தப் பொடியங்கள் ரெண்டு பேரும் ஆரெண்டு போன உடனை எழுது" என்றாள். தோழியின் தாயாரும் வாங்கிப் பேசுமுன்னரே கப்பலுக்கு நேரமாகிவிட்டது.

மகள் அந்த அறுவடை முழுவதும் பழம் பறித்தாள். குளிர்காலத்தில் ஒஸ்திரியாவில் ஒரு விடுதியில் படுக்கை விரித்தாள். அடுத்த ஆண்டு மெல்பேணுக்குத் திரும்பி வந்து தன் வேலையில் சேர்ந்தாள். அவளது பயணத்தில் வேறு தொல்லை எதுவும் நேரவில்லை. அண்ணன் தங்கையுடன் பேசவில்லை. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மனைவி எழுதினாள், பதில் வரவில்லை. ஒரு முறை மட்டும் மாமி, அவர் நலம் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அவ்விரு வரிகளையும் மனைவி எனக்கு வாசித்துக் காட்டினாள். பிறகு தானே மற்றொரு முறை வாசித்தாள்.

இந்நாட்டு இளையோர் அக்காலத்தில் ஐரோப்பா சென்ற கதைகள் பல எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் எங்கள் மகளைப் போன்றவர்களையும், அவர்கள் புறப்பட்ட வீடுகளில் பின்னால் நின்றவர்களையும் நான் காணவில்லை. ஆகவே இதை எழுதினேன். தயவுசெய்து இவ்வெழுத்தை எறிந்துவிடாமல் ஓரிடத்தில் வைத்துக் காக்குமாறு தங்களை வேண்டுகிறேன்.