அண்ணனின் படத்தை அடித்தது யார்

எங்கள் அன்பு அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்பார்கள். நானும் நல்லதைத்தான் எழுதப்போகிறேன். ஆனால் கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் அண்ணன் மூத்த மகனாகப் பிறந்தார். எங்கள் சிறுவயதிலேயே அப்பா தவறிவிட, அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுப் பதுளையில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய உழைப்பில்தான் நான் படித்தேன். பின்னாளில் அவர் சொந்தக் கடை போட்டார். அதே வீதியில் நானும் ஒரு கடை போட்டேன். அங்கேதான் வந்தது வினை.

இறந்தவர்களின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக அடித்து மாட்டுவது தோட்டத்து வீடுகளில் வழக்கம். என் கடைப் படம் பளபளக்கும் தாளில் கண்ணைப் பறிக்கும். அண்ணனோ பஞ்சில் செய்த தடித்த தாளைத்தான் எடுப்பார். வெண்மைக்காக அதில் எந்த மருந்தும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

"வெள்ளையப் பாத்து மயங்காதீங்கம்மா. இது கொஞ்சம் பால் நெறமாத்தான் இருக்கும். ஆனா அப்படியே நிக்கும்" என்பார் வருகிறவர்களிடம்.

என் பிரிண்டரில் இருந்தது நீரில் கரைந்த சாய மை. அவருடையதில் நுண்ணிய கரித்தூள் கலந்த மை. "டேய், ஒன் மை இந்தப் பனிக்கும் வெளக்குப் பொகைக்கும் தாங்காதுடா" என்று கடை வாசலில் நின்றே சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஓர் அம்மா நான் அடித்துக்கொடுத்த தன் கணவரின் படத்தோடு வந்தார். முகம் ஊதா நிறமாகியிருந்தது. வேறு அடித்துத் தரச் சொல்வார் என்று எழுந்தேன். "தம்பி, ஒங்க அண்ணன் கட எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் யாரையும் கடிந்து பேசியதில்லை. பிள்ளைகளைப் படிக்க வைத்தார், கோயில் திருவிழாவுக்கு முன்னின்றார். கடைசி மாதங்களில் நோய் அவரை உருக்கிவிட்டது. அப்போதும் என் கடையில் என்ன தாள் வாங்குகிறேன் என்று விசாரித்தபடியே இருந்தார்.

அவர் போன மறுநாள் அண்ணி கேட்டார்: "தம்பி, அவரு படத்த அவரு அடிக்கிற மாதிரி அடிக்க ஒங்களுக்கு வருமா? இல்லாட்டி பண்டாரவளையில குடுத்துருவோமா?"

அழுகைக்கு நடுவிலும் சுருக்கென்று தைத்தது. நானே அடிக்கிறேன் என்றேன்.

ஒரு கல்யாண வீட்டில் நான் எடுத்த படத்தை, அவருடைய பிரிண்டரில், அவருடைய தாளில் அடித்தேன். முதல் பிரதி சாம்பல் பூத்து வந்தது. என் பழக்கத்தில் பளபளப்புத் தாளுக்கான கறுப்பு மையைத் தேர்ந்துவிட்டிருந்தேன். அண்ணனின் சொரசொரப்பான தாளுக்கு வேறு கறுப்பு. மாற்றினேன். அண்ணனின் மீசை கருகருவென்று வந்து விழுந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு நன்றாக உலரவிட்டு, கண்ணாடியில் ஒட்டாதபடி சுற்றிலும் அட்டை வைத்துச் சட்டம் போட்டேன்.

கருமாதிக்குக் கொஸ்லந்தையிலிருந்து வந்த மாமா படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "போறதுக்கு முன்னாடியே தன் படத்தயும் தானே அடிச்சு வச்சிட்டுப் போயிருக்கான் பாரு என் மருமகன். வேற யாரு கைக்கும் இந்தக் கறுப்பு வராது."

வந்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். கருமாதி வீட்டில் சண்டையா போட முடியும்? "ஆமாங்க மாமா" என்றேன்.

ஓராண்டாகப் படத்துக்குக் கீழே விளக்கு எரிகிறது. அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். மங்கினால் தம்பி அடித்தது என்று தெரிந்துவிடும். மங்காவிட்டால் பெயர் அண்ணனுக்கு. இதுவரை மங்கவில்லை.

அண்ணனின் நோயில் கைகொடுத்த மருத்துவர்கள், தாதியர்கள், பாடை சுமந்த தோட்டத்து நண்பர்கள், அண்ணிக்குத் துணையிருந்த அயலவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் படத்தைப் பார்த்து அண்ணனின் கைவண்ணத்தைப் புகழ்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

அதை அடித்தது நான்.

— தம்பி