தம்பியின் வகுப்புக்காகப் போர்த்திய பொன்னாடை

எங்கள் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடமாக இருந்ததுதான் எங்களைப் பிடித்த சனி. கெபெக்கின் ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருந்த அந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சோதனைகளில் நல்ல புள்ளிகள் எடுத்தார்கள். எடுத்துத் தொலைத்தார்கள். அதைக் கேள்விப்பட்டுப் புதுக் குடும்பங்கள் வந்தன, அவர்களுக்காகப் புது வீடுகள் எழும்பின. கடைசியில் பிள்ளைகளை இருத்த இடமில்லாமல் விளையாட்டுத் திடலில் பெட்டி பெட்டியாகத் தற்காலிக வகுப்பறைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஓடிப் பிடித்து விளையாட இடமில்லையே என்பதுதான் எனக்கிருந்த ஒரே கவலை.

தம்பிக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. பேச்சுப் பிந்திய பிள்ளைகளுக்கென்று அதே பள்ளிக்கூடத்தில் ஒரு சிறப்பு வகுப்பு இருந்தது. கொஞ்சப் பிள்ளைகள், இரண்டு அறைகள், கோபமே தெரியாத ஓர் ஆசிரியை. தம்பியின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குக் காட்டுவார். அந்த மார்கழியில் ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், குளிர்சாதனப் பெட்டியைக் காட்டி “லே” என்றான். பிரெஞ்சில் பால். அம்மா பால் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். முதல் சொல் தமிழில் வரவில்லையே என்று அம்மாவின் தமையன், எங்கள் பெரிய மாமா, குறைப்பட்டார்.

“வாயைத் திறந்தானே அண்ணை, எனக்கு அது காணும்” என்றாள் அம்மா.

பனி கரையத் தொடங்கியபோது கல்விச் சபை தன் வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தது. புதுக் கட்டடத்துக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கவில்லை. ஆகவே இருக்கிற அறைகளைத்தான் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். கொஞ்சப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சிறப்பு வகுப்பு இரண்டு அறைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். அதைச் சபையின் எல்லைக்குள் மறுகோடியில் இருந்த வேறொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றப் போகிறார்கள். ஆசிரியை அவர்களோடு போகமாட்டார். முடிவெடுக்க முன்னர் பெற்றோரின் கருத்தைக் கேட்க ஒரு கூட்டம் வைப்பதாகவும், சபையின் தலைவரே நேரில் வருவதாகவும் சொன்னார்கள்.

அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறவர். வேலைக்குத் தேவையான பிரெஞ்சுக்கு மேல் அவருக்கு வராது. “எங்கட மகன் இங்கைதான் கதைக்கத் தொடங்கினவன். அந்த ரீச்சரிட்டை இருந்து அவனைப் பிரிக்காதேங்கோ.” இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வதென்று என்னிடம் கேட்டார். நான் சொல்லிக்கொடுத்தேன். சவரம் செய்யும்போதும், காரில் பனியைச் சுரண்டும்போதும் அதையே சொல்லிப் பார்த்தார். எனக்கு ஒரே சிரிப்பு.

அத்தோடு விட்டிருந்தால் போதும். பெரிய மாமா விடவில்லை. எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில் ஆயர் வந்தாலென்ன, அமைச்சர் வந்தாலென்ன, வரவேற்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். “மற்றத் தாய்தகப்பன்மாரை மாதிரி மட்டையில எழுதிப் பிடிச்சுக்கொண்டு கத்தினா ஆர் கேப்பினம்? மனிசனை வடிவாக் கௌரவிச்சா, அவர் மனம் இரங்குவார். நீர் பேசாம இரும், நான் பாக்கிறன்” என்று அப்பாவின் வாயை அடைத்துவிட்டார். அப்பாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாழ்ப்பாணத்தில் கல்வி அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தால் படலையில் நின்று மாலை போட்டு, மேளம் அடித்துக் கூட்டிக்கொண்டு போய்த்தானே கூரைக்கு ஓடு கேட்டார்கள்?

கூட்டத்தன்று பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் ஒரு பக்கம் பதாகைகளோடு கெபெக் பெற்றோர். இன்னொரு பக்கம் பன்னீர்ச் செம்பு, கற்கண்டுத் தட்டு, மூன்று பெட்டி இறைச்சி றோல்ஸ் சகிதம் எங்கள் ஆட்கள். தலைவர் வந்தார். பாவம், ஏச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தார். வாசலில் பன்னீர் தெளித்ததும் திடுக்கிட்டார். நான் பாவாடை சட்டையோடு வரவேற்புப் பாட்டுப் பாடினேன். மாமா மாலை போட்டார். அப்பா தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் வகுப்புப் பையன் ஒருவனின் தாய் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் தன் பதாகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

தலைவர் பேசினார். மாற்றம் எல்லோருக்கும் கஷ்டம், ஆனால் மாற்றத்தை எப்படி வரவேற்பதென்று இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் இன்று எங்களுக்குக் காட்டிவிட்டன என்றார். பிறகு ஒலிவாங்கியை அப்பாவிடம் நீட்டச் சொன்னார்.

அப்பா எழும்பினார். எதிரே, அவர் போர்த்திய பொன்னாடையோடு ஒருவர் சிரித்துக்கொண்டு இருக்கிறார். நாங்களே மாலை போட்டுவிட்டு, அந்த மாலை வாடுவதற்குள் சபை நடுவில் அவரை எதிர்த்துப் பேசுவதா? அப்பா வளர்ந்த வளர்ப்பில் அது இல்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. “மெர்சி” என்றார். நன்றி, அவ்வளவுதான். ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருந்துவிட்டார். மண்டபம் கைதட்டியது. தம்பியும் குதித்துக் குதித்துத் தட்டினான். அம்மா மட்டும் கையை மடியை விட்டு எடுக்கவில்லை.

“என்ரை கையைப் பிடிச்சு எவ்வளவு நேரம் குலுக்கினவர் தெரியுமே? கட்டாயம் செய்வார்” என்று திரும்பும் வழியில் மாமா காருக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

மனிதர் செய்தார்தான். திட்டத்தில் ஓர் எழுத்து மாறாமல் செய்தார். அந்த இரண்டு அறைகளுக்கும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், பள்ளிக்கூடத்தின் புள்ளிகள் இன்னும் ஏறின. தம்பி இப்போது அப்பாவைவிட உயரம். வேண்டியதைக் கையால் காட்டுவான். “லே” என்ற அந்தச் சொல்லும் அடுத்த குளிர்காலத்துக்குள் போய்விட்டது. இதையெல்லாம் நினைத்தால் யாரைத் திட்டுவதென்றுதான் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கோடை விடுமுறை முடிந்த முதல் நாள் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. தம்பியை ஏற்ற ஒரு மஞ்சள் பஸ் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. அவன் அழவில்லை. சத்தமே போடாமல் ஏறி, யன்னலோரம் இருந்து எங்களைப் பார்த்தான். எனக்கு அவன்மேல் பொறாமை பொங்கியது. “அவனுக்கு மட்டும் ஏன் பஸ்? நான் மட்டும் நடக்கிறதோ?” என்று தெருவில் நின்று கத்தினேன்.

அம்மா என் கன்னத்தில் பளாரென்று ஒன்று போட்டாள். உடனே என்னை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்து, பஸ் மூலையில் திரும்பும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் சத்தம் போட்டதற்குத்தான் அடி விழுந்தது என்று நினைத்து, இனிமேல் கத்தமாட்டேன் அம்மா என்று நான் அழுதுகொண்டே சொன்னேன்.