நாரையில் அண்ணனுக்கு இடமில்லை

பிரிஸ்டல் நகரத்தில், பழைய துறைமுகத்துக்குப் பின்னால் மேடேறும் ஒரு சந்தில் 'நாரை' என்ற அந்த பப் இருக்கிறது. ஏவரில் போகாக் அதை நடத்த வந்தபோது இளம் வயதுக்காரி. உரிமம் புருஷன் ராயின் பெயரில் இருந்தது. ஆனால் ராய்க்கு மனிதர்களோடு பேச வராது. அவன் நிலவறையில் பீப்பாய்களோடு இருப்பான். மேலே கடையை அவள் பார்த்துக்கொண்டாள். ஒரு பனிக்காலத்தில் ராய் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மேலும் கீழும் அவள்தான்.

நிலவறை வேலையை ராயைப் பார்த்தே கற்றிருந்தாள். பீப்பாயில் வரும் ஏல் என்ற பழைய வகை பீர் உயிருள்ள சரக்கு. வந்து இறங்கியபின்பும் உள்ளே நுரைத்துக்கொண்டிருக்கும். கைப்பிள்ளையைத் தூங்க விடுவதுபோல அதை ஆட்டாமல் அசைக்காமல் விட்டு, மண்டி அடியில் தங்கின பிறகுதான் குழாய் இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கலங்கிப் புளிக்கும். ஏவரில் அவசரப்பட்டதில்லை. அவள் பம்பு இழுத்துக் கொடுக்கும் ஏலுக்காக ஊரின் அந்தக் கோடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அதைவிடப் பேர்போனது சைடர். கல்லாவுக்குப் பின்னால் கட்டையின்மேல் இரண்டு மரப்பீப்பாய்கள் படுத்திருக்கும். சாமர்செட்டில் வவுல்ஸ் என்ற குடும்பம் தங்கள் தோட்டத்து ஆப்பிளைப் பிழிந்து புளிக்கவைத்து அனுப்புவது. கலங்கலாக, வைக்கோல் நிறத்தில், நுரை இல்லாமல் இருக்கும். முதல் கிளாஸ் பழச்சாறுபோல இறங்கும். மூன்றாவது கிளாஸ் முழங்காலைப் பிடிக்கும். அதனால் அந்தச் சைடரை மூன்றுக்கு மேல் யாருக்கும் ஊற்றுவதில்லை என்று வைத்திருந்தாள். கெஞ்சினாலும் சரி, காசை மேசையில் தட்டினாலும் சரி, "போதும் கண்ணு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிடுவாள்.

ஒருவனுக்கு மட்டும் அந்தக் கணக்கு இல்லை. அவன் அவளுடைய அண்ணன் மெர்வின்.

மெர்வின் ஹாஸ்கின்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நகரத்துக்குள் கப்பல் வருவது நின்று, வேலையெல்லாம் ஆற்று முகத்துவாரத்துக்குப் போனபோது அவன் அதோடு போகவில்லை. இங்கே கொஞ்சம் பெயின்ட் அடிப்பான், அங்கே கொஞ்சம் மூட்டை தூக்குவான். மற்ற நேரமெல்லாம் நாரையில். கடையின் பின்கட்டில் ஸ்கிட்டில்ஸ் ஆடுகிற நீளமான கூடம் ஒன்று உண்டு. ஒரு முனையில் ஒன்பது மரக்கட்டைகளை நிறுத்தி, மறுமுனையிலிருந்து பந்தை உருட்டிச் சாய்க்க வேண்டும். நாரையின் அணிக்கு மெர்வின்தான் தலைவன். அவன் பந்தை விட்டால் கூடமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் சிரிப்பைக் கேட்டுத்தான் பலர் சந்தில் திரும்பி உள்ளே வந்தார்கள். கடைக்கு அவனால் வியாபாரம் என்று ஏவரிலுக்குத் தெரியும். அவன் நான்காவது கேட்டாலும் ஐந்தாவது கேட்டாலும் ஊற்றினாள்.

பிறகு காலையில் கடை திறக்கும்போதே அவன் வாசலில் நிற்க ஆரம்பித்தான். முதல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். பாதி இறங்கின பிறகுதான் நடுக்கம் நின்றது. ஏவரில் சீஸும் வெங்காயமும் வைத்த ரொட்டியை அவன் முன்னால் தள்ளுவாள். ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவான். ஒரு நாள் ஜன்னல் வெளிச்சத்தில் அவன் திரும்பியபோது கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்ததைப் பார்த்தாள். அவர்களுடைய அப்பாவுக்கும் கடைசி வருஷத்தில் அதே நிறம்தான். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். கால்பந்து ஆட்டத்துக்குப் போகிறவர்களும் ஸ்கிட்டில்ஸ்காரர்களுமாகக் கடையில் நிற்க இடமில்லை. மெர்வின் காலி கிளாஸைக் கல்லாவின்மேல் நகர்த்தினான்.

"ஏவ், இத நெரப்பு."

"போதும் மெர்வின்."

"என்னது போதும்? இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கல."

"இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே இந்தக் கடைல உனக்கு ஒரு சொட்டு கெடையாது. உன் கண்ணு எப்பிடி மஞ்சளா இருக்குன்னு கண்ணாடில பாத்தியா?"

பக்கத்தில் நின்ற ட்ரெவர் கோஃப் மெர்வினின் பழைய துறைமுகத் தோழன். ஸ்கிட்டில்ஸ் அணியிலும் கூட ஆடுகிறவன். "யம்மா தாயே, உள்ள போறது மஞ்சளா இருந்தா கண்ணு பச்சையாவா இருக்கும்?" என்றான். கடையே சிரித்தது. மெர்வினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கிளாஸை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான்.

அந்தச் சிரிப்புதான் ஏவரிலுக்குப் பொறுக்கவில்லை. கிளாஸை வெடுக்கென்று எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"வெளிய போ. நீ குடிச்சே சாகப்போற. அத என் கையால ஊத்த மாட்டேன். போ!"

கத்திவிட்டாள். கடைக்கோடியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மெர்வினின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகாமல், அதை என்ன செய்வது என்று தெரியாததுபோல ஒட்டிக்கொண்டிருந்தது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான்.

"சரிங்க முதலாளியம்மா" என்றான்.

கூட்டம் வழிவிட்டது. அவன் போனதும் ஏவரில் அடுத்த ஆளுக்குப் பம்பை இழுத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்தது.

போனது அவன் மட்டும் இல்லை. ஸ்கிட்டில்ஸ் அணி மொத்தமும் கீழ்த்தெருவில் இருந்த இன்னொரு பப்புக்குப் போய்விட்டது. "கூடப் பொறந்தவனையே தொரத்துனவ, நாளைக்கு நம்மள என்ன பண்ண மாட்டா?" என்று ட்ரெவர் சொன்னதாகக் காதுக்கு வந்தது. பின்கட்டுக் கூடம் பூட்டிக் கிடந்தது. அதில் பழைய நாற்காலிகளை அடுக்கினாள். ஏலுக்காக வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள், கடை படுத்துவிடவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானங்களில் ஒரு சத்தம் குறைந்திருந்தது. அது எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கீழ்த்தெருக் கடைக்காரன் மெர்வினுக்குக் கேட்டதையெல்லாம் கொடுத்தான். ஏவரிலின் மறுப்பால் ஒரு கிளாஸ்கூடக் குறையவில்லை. இதுதான் அவளை அரித்தது. இங்கே இருந்தாலாவது ஒரு ரொட்டியைத் தின்ன வைத்திருப்பேனே, மழை வந்தால் மாடியில் படுக்க வைத்திருப்பேனே என்று கிளாஸ் கழுவும்போதெல்லாம் நினைப்பாள். நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்து அனுப்பினாள். அது திரும்பி வரவில்லை, பதிலும் வரவில்லை. ஒரு தடவை சந்தையில் எதிரே வந்தவன் அவளைப் பார்த்ததும் சாலையைத் தாண்டி அந்தப் பக்கம் போனான். மெலிந்திருந்தான். கோட்டு யாரோ கொடுத்ததுபோலத் தொளதொளவென்று இருந்தது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். பஸ் ஒன்று நடுவில் வந்தது; அது நகர்ந்தபோது அவன் இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரு மழை நாள் பிற்பகல், கடையில் ஆளில்லாத நேரத்தில், ட்ரெவர் வாசலில் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே கால் வைக்கவில்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஏவரில், மெர்வின் ஆஸ்பத்திரில கெடக்கான். இனிமே வீட்டுக்கு வர மாட்டான்னு சொல்லிட்டாங்க."

ஏவரில் துணியைக் கீழே வைத்தாள். "என்னக் கேட்டானா?"

ட்ரெவர் தரையைப் பார்த்தான். "உன்னக் கேக்கல. உன் சைடரக் கேட்டான்."

அவள் சின்ன பாட்டில் ஒன்றைத் தேடி எடுத்து வெந்நீரில் அலசி, பீப்பாய்க் குழாயடியில் பிடித்தாள். நிரம்பியதும் மூடியை இறுக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நனஞ்சுகிட்டு நிக்காத. உள்ள வா, கடையப் பாத்துக்க."

"நானா?"

"இத்தன வருசம் குடிச்சியே, ஊத்தத் தெரியாதா?"

ஆஸ்பத்திரி மேட்டின் மேலே இருந்தது. வார்டில் இருந்த நர்ஸ் யூனிஸ், சின்ன வயதில் ஜமைக்காவிலிருந்து வந்தவள், ஏவரிலைப் பார்த்ததும், "தங்கச்சியா? மூக்கே சொல்லுது" என்றாள். ஏவரில் பாட்டிலை வெளியே எடுத்துக் காட்டினாள்.

"இது மருந்து இல்லம்மா. சைடர். வேண்டாம்னா நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

யூனிஸ் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "இனிமே இது அவரை ஒண்ணும் பண்ணிடாது. ஆனா முழுங்க முடியாதும்மா, பொரையேறிடும். பஞ்சுக் குச்சி தரேன். தொட்டுத் தொட்டு உதட்டுல வைங்க, போதும்."

மெர்வின் சுவர்ப்பக்கம் தலை சாய்ந்து கிடந்தான். கிரேனின் இரும்புப் பிடிகளை இழுத்த கை, போர்வையின்மேல் எலும்பும் தோலுமாக இருந்தது. முகம் முழுவதுமே அந்த மஞ்சள் நிறமாகியிருந்தது. ஏவரில் நாற்காலியை இழுத்துப் போட்ட சத்தத்தில் கண்ணைத் திறந்தான்.

"முதலாளியம்மா வந்தாச்சா" என்றான். குரல் காற்றாக வந்தது.

அவள் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் வைத்தாள். குழந்தைபோலச் சப்பினான். முகத்தைச் சுளித்தான்.

"வவுல்ஸ் வீட்டுதா?"

"வேற யாரு வீட்டுது?"

"போன வருசம் மழ ஜாஸ்தி. சப்புன்னு இருக்கு."

ஏவரிலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கியது பாதியில் வேறாக மாறியது. கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பஞ்சை நனைத்தாள். மூன்று நான்கு தடவை கொடுத்த பிறகு அவன் போதும் என்று தலையை நகர்த்தினான். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டிருந்தது.

"ஏவ்."

"சொல்லு."

"நீ ஊத்த மாட்டேன்னதுக்கு எனக்குக் கோவமில்ல." மூச்சு வாங்கினான். "எல்லாரும் இருக்கறப்ப சொன்ன பாரு. அதான். பின்னாடி கூப்பிட்டு, கதவச் சாத்திட்டு, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

"சொல்லிருந்தா குடிய விட்டிருப்பியா?"

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"விட்டிருக்க மாட்டேன். ஆனா உன்னப் பாக்க வந்துட்டுப் போயிட்டு இருந்திருப்பேன்."

ஏவரில் அவன் கையைப் பிடித்தாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, அவளுக்கும் வரவில்லை. அவன் விரல்கள் அவள் கையை லேசாக அழுத்தின. அது பதிலா, வலியா என்று தெரியவில்லை. யூனிஸ் வந்து விளக்கைக் குறைக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்து வந்த நாட்களிலும் கடையை ட்ரெவரிடம் விட்டுவிட்டுப் போனாள். மெர்வின் அதிகம் பேசவில்லை. ஒரு காலை, அவள் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் நாரைக்கு வந்தார்கள். பன்றி இறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை'யும் ரொட்டியும் தட்டுத் தட்டாக வைத்திருந்தாள். பழைய ஸ்கிட்டில்ஸ்காரர்கள் சுவரோரமாக, கறுப்புக் கோட்டுகளில், பள்ளிக்கூடத்துப் பையன்கள்போலக் கூசிக்கொண்டு நின்றார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமலே அவள் ஏல் இழுத்து நீட்டினாள். ட்ரெவர் கிளாஸை வாங்கினான், குடிக்கவில்லை.

"கடைசி வரைக்கும் அவனுக்கு வாங்கிக் குடுத்தது நாங்கதான் ஏவரில். ஒவ்வொரு வாட்டியும் நான்தான் மொதல்ல காச எடுப்பேன். அவன் சிரிக்கணும்னு."

"நானும் ஊத்துனேன் ட்ரெவர். உங்களுக்கு முன்னாடி, எத்தனையோ வருசம்."

"திட்டமாட்டியா?"

"சாப்பிடு. பை ஆறுது."

அவன் சாப்பிட்டான். சாப்பிடும்போதே அழுதான். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து, மேட்டுத்தெருப் பள்ளிக்கூட வாத்தியார் நைஜல் மத்தியான வேளைகளில் கடைக்கு வர ஆரம்பித்தான். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்று பேச்சு. நாகரிகமான ஆள், சத்தம் போடமாட்டான். ஒரு நாள் அவன் முதல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவதை ஏவரில் பார்த்தாள்.

கல்லாவில் ஒன்றும் சொல்லவில்லை. "கண்ணு, பின்னாடி ஒரு நாற்காலி இழுக்கணும், ஒரு கை குடு" என்று கூப்பிட்டாள். பின்கட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தி, அவனை உட்கார வைத்து, டீயும் ரொட்டியும் முன்னால் வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்தாள்.

"இனிமே உனக்கு ஊத்த மாட்டேன் நைஜல். வேற எங்கயாச்சும் போய்க் குடிப்ப, எனக்குத் தெரியும். ஆனா இங்க வர்றத நிறுத்தாத. டீ இருக்கு, சாப்பாடு இருக்கு, பேச ஆள் இருக்கு. எங்க அண்ணன்கிட்ட நான் இதச் சொல்லல."

நைஜலின் முகம் சிவந்தது. "நீங்க யாரு எனக்கு?" என்றான். டீயைத் தொடாமல் எழுந்து போனான். அந்த மாதம் முழுவதும் வரவில்லை. ஏவரில் கீழ்த்தெருப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கடையின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை அவன் உள்ளே தெரிந்தான்.

இலையுதிர்ந்த பிறகு ஒரு பிற்பகலில் கதவு திறந்தது. நைஜல் வந்து ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, கையிலிருந்த பரீட்சைத் தாள்களைப் பரப்பினான். அவன்மேல் குடித்த வாசனை இருந்தது.

"டீ கிடைக்குமா?" என்றான், தாள்களைப் பார்த்தபடியே.

ஏவரில் உள்ளே போய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.