காணிக்கையோடு வந்த கம்பெனி கார்டு

அமரவிளையில், பழைய வீடியோ கேம்களை ஆடும் கையடக்கக் கருவிகளை விற்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்; கடையும் என் உழைப்பு. கம்பெனி மென்பொருளோடு வரும் மெமரி கார்டைக் கழற்றிவிட்டு, ஆர்வலர்கள் எழுதிய வேகமான மென்பொருளை வேறு கார்டில் ஏற்றிப் போட்டு விற்பதுதான் என் வியாபார உத்தி.

எங்கள் தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகையில் சேவல், வாழைக்குலை என்று காணிக்கையாக வருவதையெல்லாம் சபையில் ஏலம் விடுவார்கள்; கடையின் முதற்பலனாக நான் ஒரு கருவியைக் கொடுத்தேன். அன்று காலை வெளியான புதிய மென்பொருளை அவசரமாக ஏற்றியிருந்தேன். ஏலம் எடுத்த கொத்தனார் மாமா அங்கேயே அதை அழுத்திப் பார்த்தார். திரை கறுப்பாகவே நின்றது.

"மக்கா, அந்தச் சேவல எடுத்திருந்தா கூவவாவது செய்யும்!"

சபையே சிரித்தது. என் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். கடையின் பெயர் போயிற்று என்று நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த அம்மா பர்ஸைத் திறந்து, நான் கழற்றிப்போட்ட கம்பெனி கார்டை நீட்டினாள். "காணிக்கையில கொறவு வைக்கப்பிடாது மக்களே. இதுவும் அதுக்குள்ளதாக்கும்."

மாற்றிப் போட்டதும் கருவி பாடிக்கொண்டு எழுந்தது.

"எலே, கூவிட்டு!" என்றார் மாமா.

இப்போது புதிய மென்பொருளை என் சொந்தக் கருவியில் ஓட்டிப் பார்க்காமல் யாருக்கும் ஏற்றுவதில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் கம்பெனி கார்டையும் சேர்த்து வைக்கிறேன். அதை நம்பியே பலர் வாங்குகிறார்கள். அந்த உத்தி அம்மாவுடையது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்.