மெழுகுச் சட்டியும் பதினைந்து ஆம்பியரும்

விருதுநகரில் மின்சார ஆட்டோவுக்குச் சார்ஜர் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. சார்ஜரைச் செய்வதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரிக்குள் பதினைந்து ஆம்பியர் கரண்ட் சீராகப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் மூன்று வாரமாக என் உயிரை வாங்கியது.

முதலாளி கதவருகே வந்து நின்றார். "ஏத்தா, திங்கக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். ஓடலேன்னா கோயம்புத்தூர்க்காரங்ககிட்ட இந்த வேலையக் குடுத்துருவேன். நீ பழையபடி வயரு பத்தவைக்கப் போயிரு" என்றார்.

"சரிங்க அண்ணாச்சி" என்றேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. இன்ஜினியரிங் முடித்தவளை ஈயம் உருக்க அனுப்புவாராம்!

பெரிய பெரிய சமன்பாடுகளை எல்லாம் அழித்தேன். கரண்ட் பதினைந்துக்கு மேல் போனால் சார்ஜரின் சுவிட்சை அணை, கீழே வந்தால் போடு. ஒரே விதி. ஓடவிட்டேன். கரண்ட் மயிரிழை அசைந்தாலும் அது அணைத்து, போட்டு, மறுபடி அணைத்து, கடைசியில் அணைப்பதும் போடுவதுமே வேலையாகி, கணக்கு மேலே நகராமல் கம்ப்யூட்டர் சிக்கி நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்த மெழுகுச் சட்டி நினைவுக்கு வந்தது. பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்கு வழியில்லாமல் ஒரு வருஷம் சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். தொழிற்சாலையை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீக்குச்சிகளை உருகிய மெழுகில் முக்கும் வேலை. முதல் நாள், மெழுகு கொஞ்சம் சுட்டால் அடுப்பிலிருந்து விறகை இழுத்தேன், கொஞ்சம் ஆறினால் தள்ளினேன். காலை முழுக்க ஒரு குச்சிகூட முக்கவில்லை. பக்கத்துச் சட்டி அக்கா கத்தியே விட்டாள்.

"ஏ புள்ள, வெறகத் தொட்டுக்கிட்டே இருந்தா எப்பம் முக்குவ? பொகைஞ்சா இழு. ஓரத்துல ஆடை கட்டுனா தள்ளு. நடுவுல சும்மா இரு!"

நடுவில் சும்மா இருக்க என் விதியில் இடமே விடவில்லையே! பதினாறில் அணை, பதினாலில் போடு என்று மாற்றினேன். திரையில் கோடு பதினைந்தை ஒட்டி, ரம்பப் பல் போல ஏறி இறங்கி, பேட்டரி நிறையும்வரை ஓடியது. தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.

திங்கட்கிழமை முதலாளி அதை இரண்டு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். "கோயம்புத்தூர்க்காரங்கள வேணாம்னு சொல்லிருதேன். இம்புட்டு லேசா முடிச்சிட்டியே, எங்கன படிச்ச இத?"

வேலைக்குச் சேரும்போது அந்த ஒரு வருஷத்தைப் பற்றி இதே மனிதர் கேட்டதற்கு, உடம்புக்கு முடியவில்லை என்று புளுகியிருந்தேன்.

"தீப்பெட்டி ஆபீசுல, அண்ணாச்சி. மெழுகுச் சட்டியில" என்றேன், பக்கத்து அறைக்கும் கேட்கும்படி.